நாய்க்குட்டியும் செருப்பு வாரும்

கூலிக்குக் கொலை செய்து வாழ்ந்த ஒருவனைப் பற்றிய அமெரிக்கத் திரைப்படத்திற்கு இந்த ஏட்டில் என்ன வேலை என்று கேட்கும் அன்பர்கள் இருக்கக்கூடும். கேள்வி நியாயமானதே. படக்கொட்டகையின் வாயிலில் நிற்பதையே பெருங்குற்றமாகக் கருதிய பெரியவர்களின் நிழலில் வளர்ந்தவன் நான். ஆனால் இன்று கொட்டகை நம் வீட்டுக் கூடத்திற்குள்ளேயே வந்து சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டது. பிள்ளைகள் எதைப் பார்க்கிறார்கள் என்று அறியாமலே 'பார்க்காதே' என்று சொல்லிக்கொண்டிருப்பதைவிட, உடன் அமர்ந்து பார்த்துவிட்டுப் பேசுவது மேல் என்று எனக்குத் தோன்றியது. ஆகவே, கல்லூரியில் பயிலும் என் மகளின் மகன் வற்புறுத்தியபோது, 2014ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஜான் விக்' என்னும் படத்தை அவனுடன் இருந்து முழுவதும் பார்த்தேன். பாதியில் எழுந்து போய்விடுவேன் என்றுதான் அவன் எதிர்பார்த்தான். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

எழுந்து போகவில்லை. அதுதான் என்னை உறுத்துகிறது. இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அந்த உறுத்தலே.

கதை மிகச் சிறியது. ஜான் விக் என்பவன் ஒரு காலத்தில் நியூயார்க் நகரத்தின் ருஷ்யக் குற்றக் கூட்டத்திற்காக ஆட்களைக் கொன்று வந்தவன். ஹெலன் என்ற பெண்ணை மணப்பதற்காக அத்தொழிலை விட்டொழித்தான். படம் தொடங்கும்போது அவள் நோயுற்று இறந்துவிடுகிறாள். அடக்கம் முடிந்த நாளின் மாலையில் வாசலுக்கு ஒரு கூடை வந்து சேருகிறது. உள்ளே ஒரு சிறு நாய்க்குட்டி. தான் இறந்தபின் கணவன் தனித்து நின்றுவிடக் கூடாதென்று, தன் முடிவை அறிந்திருந்த அந்தப் பெண் முன்கூட்டியே ஏற்பாடு செய்து அனுப்பிய பரிசு அது. உடன் ஒரு கடிதமும் இருக்கிறது. சில நாட்களில், ஜானின் காரின் மேல் ஆசைப்பட்ட ஓர் இளைஞன் இரவில் ஆட்களுடன் வீடு புகுந்து அவனை அடித்து வீழ்த்துகிறான். நாய்க்குட்டியைக் கொன்றுவிட்டுக் காரைக் கொண்டுபோகிறார்கள். அந்த இளைஞன் ஜானின் பழைய முதலாளியான விக்கோ தாராசோவின் மகன் இயோசெஃப். அதன்பின் படம் முடியும்வரை ஜான் கொன்றுகொண்டே போகிறான்.

முதல் கால் மணி நேரத்தைப் பற்றி நான் குறையொன்றும் சொல்லமாட்டேன். துயரத்தைக் காட்டுவதில் அமெரிக்கப் படங்கள் பெரும்பாலும் வாயாடிகள். இப்படமோ ஊமையாக இருக்கிறது. மனைவியை இழந்தவன் காலையில் எழுகிறான், காப்பி போடுகிறான், ஆளில்லாத வீட்டில் நடக்கிறான். நாய்க்குட்டிக்கு என்ன கொடுப்பதென்று தெரியாமல் தான் உண்ணும் தானியத்தையே கிண்ணத்தில் கொட்டிப் பாலூற்றி வைக்கிறான். மவுத்து நிகழ்ந்த வீட்டில், உறவினர் எல்லாரும் கலைந்து போன பிறகு வரும் அந்த முதல் காலைப் பொழுதை அறிந்தவர்களுக்கு இக்காட்சியின் உண்மை விளங்கும். தாக்குதல் நடந்த மறுநாள் விழித்துப் பார்க்கிறான். சாகும் தறுவாயில் அந்தக் குட்டி தரையெல்லாம் இரத்தக்கோடு இழுத்தபடி ஊர்ந்து வந்து அவனருகிலேயே உயிர் விட்டிருக்கிறது. என் பேரன் என் முகத்தைத் திரும்பிப் பார்த்தான். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன்.

ஒரு நாய்க்காக இத்தனை அமர்க்களமா என்று நம் வீடுகளில் கேட்கக்கூடும். நாயை வீட்டுக்குள் வளர்ப்பது நம்மிடையே வழக்கமில்லை. அதன் எச்சில் பட்ட பாத்திரத்தை ஏழுமுறை கழுவச் சொல்லும் சட்டத்தைப் பிள்ளைப் பருவத்திலேயே மதரஸாவில் ஓதியவர்கள் நாம். ஆனால் அதே நபிமொழித் தொகுப்புகளில்தான், தாகத்தால் ஈரமண்ணை நக்கிக்கொண்டிருந்த நாய்க்குத் தன் காலுறையில் நீர் முகந்து கொடுத்த மனிதனின் பாவங்கள் மன்னிக்கப்பட்ட வரலாறும் இருக்கிறது. உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில், குட்டிக்குப் பாலூட்டிவிட்டு வருவதாகச் சொன்ன மானுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் வேடனிடம் பிணை நின்ற படலத்தைச் செவியுற்று வளர்ந்த சமூகம் இது. வாயில்லாச் சீவனின் உயிரை அற்பம் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆகவே நாய்க்குட்டியை முன்னிட்டு இப்படத்தைக் கேலி செய்வோருடன் நான் சேரமாட்டேன். என் வழக்கு வேறு.

அதைச் சொல்லுமுன் படத்தின் செய்நேர்த்தியைச் சொல்லியாக வேண்டும். மறைத்தால் அது விமர்சனமாகாது. இயக்குநர் சாட் ஸ்டாஹெல்ஸ்கி சண்டைக் கலைஞராக இருந்து இயக்குநரானவர்; 1999இல் வந்த 'மேட்ரிக்ஸ்' படத்தில், இதே கதாநாயகன் கியானு ரீவ்சுக்குப் பதிலாக ஆபத்தான காட்சிகளில் உடலை முறித்துக்கொண்டவர். டேவிட் லீச் என்ற மற்றொரு சண்டைக் கலைஞரும் உடன் இயக்கினார். ஆனால் இயக்குநராக அவர் பெயர் திரையில் வரவில்லை. இவ்விருவரும் வருவதற்கு முன் அங்கே சண்டைக் காட்சி என்றால் ஒளிப்படக் கருவியைத் தாறுமாறாக ஆட்டி, விநாடிக்கொரு வெட்டு வெட்டி, யார் யாரை அடித்தார்கள் என்பதே தெரியாமல் செய்வதாக இருந்தது. இவர்களோ கருவியைத் தள்ளி நிறுத்துகிறார்கள். ஆளின் தலை முதல் கால் வரை தெரிகிறது. வெட்டாமல் நெடுநேரம் ஓடவிடுகிறார்கள். நாயகனும் மாதக்கணக்கில் ஜூடோவும் ஜுஜுட்சுவும் துப்பாக்கிப் பயிற்சியும் பெற்றுத் தானே பெரும்பாலும் செய்கிறார். இவர் லெபனானின் பெய்ரூத்தில் 1964இல் பிறந்தவர் என்பது போகிற போக்கில் ஒரு செய்தி.

இதன் விளைவு என்னவென்றால், கொலை ஒரு நாட்டியம்போல் ஆகிவிடுகிறது. கருப்புக் கோட்டும் கருப்புச் சட்டையும் அணிந்த அந்த மெலிந்த உருவம், நீலமும் சிவப்புமாக ஒளி சிதறும் கேளிக்கை மண்டபத்தில், ஒருவனைக் கழுத்தில் பற்றித் தரையில் வீழ்த்தி, அவன் எழாதபடி காலால் அழுத்திக்கொண்டே எதிரே வரும் இருவரைச் சுட்டு, பின் குனிந்து கீழே கிடப்பவனையும் முடிக்கிறது. ஒரு தோட்டாவும் வீணில்லை. ஓர் அசைவும் மிகையில்லை. தேர்ந்த தச்சன் இழைப்புளி தள்ளுவதைப் பார்ப்பதுபோல் நான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன். 'சபாஷ்' என்று ஒருமுறை என் வாயிலிருந்து சொல்லும் வந்துவிட்டது. மனித உயிர் போவதைப் பார்த்துச் சபாஷ் சொன்ன நாக்கை அன்றிரவு இஷாத் தொழுகையில் நினைத்துக்கொண்டேன்.

எத்தனை பேரை அவன் கொல்கிறான் என்று தொடக்கத்தில் எண்ணிக்கொண்டு வந்தேன். வீட்டுக்குள் புகுந்த 12 பேர் வரைக்கும் கணக்கு சரியாக இருந்தது. கேளிக்கை மண்டபத்தில் தவறிவிட்டது. பேரன் சொன்னான், மொத்தம் எழுபதைத் தாண்டும் என்று. அவனைப் போன்ற இளைஞர்கள் நிறுத்தி நிறுத்தி எண்ணியிருக்கிறார்களாம். எழுபது உயிர்கள்! நான் எண்ண மறந்தது வயதின் குற்றம் என்று முதலில் நினைத்தேன். அப்படியன்று. எண்ண மறக்கச் செய்வதுதான் அந்த அழகின் வேலை.

இதே இனத்தைச் சேர்ந்த பழைய படம் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1967இல் ஜான் பூர்மன் இயக்கிய 'பாயிண்ட் பிளாங்க்'. கூட்டாளியால் சுடப்பட்டு, பங்கும் பறிக்கப்பட்ட ஒருவன் தனக்குரிய 93,000 டாலரைக் கேட்டு ஒரு பெரிய குற்ற நிறுவனத்தின் படிகளில் ஏறிப் போகிறான். யாரிடம் போனாலும் அதே தொகைதான் கேட்கிறான். அதற்கு மேல் ஒரு காசு வேண்டாம். இறுதியில் பணம் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்க, அவன் இருளைவிட்டு வெளியே வந்து அதை எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பழிக்கு ஓர் எண் இருந்தது. அது வெற்று எண் என்று அவனே இறுதியில் உணர்ந்தாற்போலும் இருந்தது. ஜான் விக்கின் பழிக்கு எண்ணே இல்லை.

இப்படத்தில் சட்டமே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. விந்தையான ஒரு சட்டம் இருக்கிறது. கொலைஞர்கள் தங்குவதற்கென்றே 'காண்டினென்டல்' என்னும் விடுதி. அதன் சுவர்களுக்குள் எவரும் எவரையும் கொல்லக்கூடாது. அறியாமைக் காலத்து அரபிகள் ஹரம் எல்லைக்கும் விலக்கப்பட்ட மாதங்களுக்கும் கொடுத்த மதிப்பை இது நினைவூட்டியது. அந்த விதியை மீறிய பெர்கின்ஸ் என்ற பெண்ணை விடுதித் தலைவர் வின்ஸ்டன் கண்ணிமைக்காமல் கொல்லச் செய்கிறார். அங்கே நாணயம் தங்கம். பிணங்களை அப்புறப்படுத்த வரும் முதியவருக்குத் தலைக்கு ஒரு காசு வீதம் 12 காசுகள் எண்ணித் தரப்படுகின்றன. எல்லாவற்றையும்விட ஒரு காட்சி: சுடும் ஓசை கேட்டுக் காவலர் ஒருவர் வாசலில் வந்து நிற்கிறார்; ஜானின் தோளுக்குப் பின்னால் தரையில் பிணம் கிடப்பதைப் பார்க்கிறார்; மீண்டும் பழைய வேலைக்கு வந்துவிட்டாயா என்று மரியாதையாக விசாரித்துவிட்டுப் போய்விடுகிறார். கொட்டகையில் இதற்குச் சிரிப்பு எழுந்திருக்கும். நானும் சிரித்தேன். ஆனால் இந்தப் படத்தின் உலகம் அக்காட்சியில்தான் முழுதாக இருக்கிறது. விதிகள் உண்டு, முறையிடும் மன்றம் இல்லை. மரியாதை உண்டு, நீதி இல்லை.

இன்னொன்றையும் கவனித்தேன். படம் முழுவதிலும் மன்னிப்பு என்ற ஒன்றை எவரும் கேட்கவில்லை. செய்தி அறிந்ததும் விக்கோ, ஜானுக்குத் தொலைபேசியில் பேசுகிறான். நாகரிக மனிதர்களாக நடந்துகொள்வோம் என்கிறான். ஆனால் என் மகன் செய்தது தவறு என்று ஒரு சொல் இல்லை. ஈடு தருகிறேன் என்றும் இல்லை. மறுமுனையில் பதில் இல்லாமல் தொடர்பு அறுகிறது. உடனே 12 பேரை ஏவுகிறான். பிற்பாடு தன் உயிருக்கே ஆபத்து வந்தபோது, அதே விக்கோ தன் மகன் ஒளிந்திருக்கும் இடத்தைச் சொல்லிக் காட்டிக் கொடுத்துவிடுகிறான். மைக்கேல் நிக்விஸ்ட் என்ற சுவீடன் நாட்டு நடிகர், 2017இல் மறைந்தவர், இந்த வேடத்தில் பயத்தையும் அலுப்பையும் ஒருங்கே காட்டியிருக்கும் விதம் நாயகனின் நடிப்பைவிட எனக்குப் பிடித்திருந்தது. ஜான் விக்கின் பெயரைக் கேட்டதும் அவர் வாயிலிருந்து வெறும் 'ஓ' என்ற ஓசை மட்டும் வருகிறது. அந்த ஓரெழுத்தில் வரப்போகிற அழிவு முழுவதும் இருக்கிறது.

இனி மகன் கொல்லப்படும் இடத்திற்கு வருகிறேன். படம் முழுதும் எதிர்பார்த்த கணம் அது. ஆனால் ஓரிரு விநாடிகளில் முடிந்துவிடுகிறது. அடிபட்டுக் கிடக்கும் இயோசெஃப், அது வெறும் நாய்தானே என்று சொல்ல வாயெடுக்கிறான். சொல் முடியுமுன் குண்டு பாய்கிறது. எனக்கு எந்த நிறைவும் ஏற்படவில்லை. ஏதோ தவறிப்போனது போலிருந்தது. ஜானின் முகத்திலும் நிறைவு தெரியவில்லை. ஆனால் அந்த 'வெறும் நாய்' என்ற சொல் என்னைப் படத்தைவிட்டு வெகுதூரம், அரபுப் பாலைவனத்தின் பழங்கதை ஒன்றுக்கு இழுத்துச் சென்றது.

பஸூஸ் போர் என்று அரபிகள் சொல்லும் கதை அது. நாயகம் (ஸல்) அவர்கள் பிறப்பதற்குச் சில தலைமுறைகள் முன்பு, தக்லிப் குலத்தின் தலைவன் குலைப், தன் மேய்ச்சல் நிலத்தில் புகுந்த ஒரு பெண் ஒட்டகத்தின் மடியில் அம்பெய்தான். ஒட்டகம் பஸூஸ் என்ற பெண்ணின் அடைக்கலத்தில் இருந்தது. அவளுடைய உறவினனான பக்ரு குலத்து ஜஸ்ஸாஸ், அதற்குப் பழியாகக் குலைபைக் கொன்றான். இத்தனைக்கும் ஜஸ்ஸாஸ், குலைபின் மனைவி ஜலீலாவின் உடன்பிறந்தவன். ஒரு வாயில்லாச் சீவனில் தொடங்கிய பகை நாற்பதாண்டுகள் நீடித்தது என்பது மரபு.

பழியை ஏற்றவன் குலைபின் தம்பி முஹல்ஹில். மதுவிலும் மங்கையரிலும் காலம் கழித்தவன், அண்ணன் இறந்ததும் அவற்றைத் துறந்து வாளெடுத்தான். அவன் வீரன் மட்டுமல்லன்; கவிஞன். நெடுங்கவிதையை அரபியில் முதன்முதலாகத் தந்தவன் என்று அவனைச் சொல்பவர்கள் உண்டு. அண்ணனுக்காக அவன் பாடிய இரங்கற்பாக்களை அரபிகள் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்தார்கள். அந்தப் பாக்களின் இனிமையில் அவன் வாளுக்கு இரையானவர்களின் பெயர்கள் எங்கோ மறைந்தன. பழிக்கு அழகு பூட்டிப் பார்ப்போரின் எண்ணிக்கையைத் தடுமாறச் செய்வது ஹாலிவுட்டின் கண்டுபிடிப்பு என்று நாம் பெருமூச்சு விடவேண்டியதில்லை. அது பழைய வித்தை. ஒளிப்படக் கருவி இல்லாத நாளில் யாப்பு இருந்தது.

அக்கதையில் ஹாரிஸ் இப்னு உபாத் என்றொரு பெரியவர் வருகிறார். பக்ரு குலத்தவரே ஆயினும் போர் தமக்கு உடன்பாடில்லை என்று ஒதுங்கி இருந்தவர். அவருடைய மகன் புஜைரை முஹல்ஹில் கொன்றுவிட்டான். செய்தி கேட்டதும் அப்பெரியவர் அழவில்லை. என் மகனின் உயிரால் இரு குலங்களுக்கும் சமாதானம் வருமானால் அவன் பேறு பெற்றவன் என்ற கருத்தில் பேசினார். அப்போதுதான் அவரிடம் சொன்னார்கள்: குலைபுக்கு ஈடாக உன் மகனைக் கொல்லவில்லை, குலைபின் செருப்பு வாருக்கு ஈடாகத்தான் கொன்றேன் என்று முஹல்ஹில் சொன்னானாம். அந்தச் சொல்லைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. மகனின் மரணத்தைப் பொறுத்தவர், மகனை ஒரு செருப்பு வாராக மதித்ததைப் பொறுக்கவில்லை. ஒதுங்கியிருந்தவர் குதிரை கேட்டார்.

'வெறும் நாய்தானே' என்பதும் 'செருப்பு வாருக்கு ஈடு' என்பதும் ஒரே சொல்லின் இரு உருவங்கள். இழப்பைவிட, இழந்ததை அற்பமென்று சொல்வதுதான் இரத்தத்தைக் கொதிக்க வைக்கிறது. படத்தின் கதையை எழுதிய டெரெக் கோல்ஸ்டாட் இந்த மனித உண்மையைத் தொட்டிருக்கிறார். கட்டுண்டு கிடக்கும்போது ஜான் விக்கோவிடம் பேசும் ஒரே நீண்ட பேச்சும் இதுதான்: அந்தக் குட்டியோடு சேர்ந்து, தனியாக இல்லாமல் துக்கம் காக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்திருந்தது, அதை உன் மகன் பறித்துவிட்டான் என்கிறான். அது உண்மையான துயரம். அந்த இடத்தில் நான் அவன் பக்கம் இருந்தேன்.

ஆனால் அதே இடத்தில்தான் படம் என்னை ஏமாற்றுகிறது. அவன் துயரம் மெய் என்பதால் அவன் கொலைகளும் மெய்யான நியாயம் பெற்றுவிட்டதாகக் காட்டுகிறது. திருக்குர்ஆன் பழிக்குப் பழியை அறவே மறுக்கவில்லை. கொதிக்கும் நெஞ்சை அது அறியும். கிஸாஸைச் சட்டமாக்கிய அல்பகரா அத்தியாயத்தின் 178ஆம் வசனம், கொல்லப்பட்டவனின் உரியவர் விட்டுக்கொடுக்கும் வழியையும் அங்கேயே திறந்து வைக்கிறது. பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 33ஆம் வசனம், அநியாயமாகக் கொல்லப்பட்டவனின் வாரிசுக்கு உரிமை தந்துவிட்டு, கொலையில் வரம்பு கடக்கக்கூடாது என்று கட்டுப்படுத்துகிறது. ஓர் உயிருக்கு இரண்டு உயிர் கேட்டவர்களும், அடிமைக்குப் பதில் சுதந்திர மனிதனைக் கேட்டவர்களும் வாழ்ந்த மண்ணில் இறங்கிய சட்டம் இது. எண்ணத் தெரியாமல் கொன்றவர்களுக்கு அது எண்ணக் கற்றுக்கொடுத்தது. அந்த எண்ணிக்கையையும் தனி மனிதன் கையில் விடாமல் நீதிபதியின் முன் வைத்தார்கள் நம் சட்ட அறிஞர்கள். ஒரு நாய்க்குட்டிக்கு எழுபது மனிதர்கள் என்ற கணக்கைப் பஸூஸ் போர்க்களத்தில்தான் ஒப்புக்கொண்டிருப்பார்கள்.

மேலும், ஜான் விக்குக்கு உரிமை கேட்கும் வாரிசின் இடத்தைக் கொடுக்கும் இப்படம், அவனால் வாரிசுகளான எத்தனையோ பேரை மறந்தே விடுகிறது. அவன் தொழிலைவிட்டு விலகுவதற்கு விலையாக விக்கோ ஓர் இயலாத காரியத்தை ஏவினான் என்றும், அன்று அவன் வீழ்த்திய பிணங்களின் மேல்தான் தன் சாம்ராஜ்யம் எழுந்தது என்றும் விக்கோவே மகனிடம் சொல்கிறான். அப்படியானால் ஹெலனோடு ஜான் வாழ்ந்த அந்த அழகான கண்ணாடி வீடும் அப்பிணங்களின் மேல் எழுந்ததுதானே? அவர்களுக்கு மனைவியர் இல்லையா? அவர்கள் வீட்டிலும் ஒரு முதல் காலைப் பொழுது விடிந்திருக்குமே? நிலவறைத் தரையைச் சம்மட்டியால் உடைத்துப் புதைத்து வைத்த துப்பாக்கிகளையும் தங்கக் காசுகளையும் அவன் வெளியே எடுக்கும் காட்சியை மிகச் சிறப்பாகப் படமாக்கியிருக்கிறார்கள். அங்கே அவன் புதைத்திருந்தது அவை மட்டுமா என்று ஒரு கணமாவது கேட்கத் தோன்றியிருந்தால் இப்படம் வேறொரு தரத்திற்கு உயர்ந்திருக்கும்.

கூலிக்குக் கொலை செய்த ஒருவரின் வரலாறு நம் வீடுகளிலும் உண்டு. அதை அப்படி நினைத்துப் பார்க்க நமக்குப் பழக்கமில்லை, அவ்வளவே. வஹ்ஷி இப்னு ஹர்பு (ரலி) அவர்களைத்தான் சொல்கிறேன். அன்று அவர் ஓர் அபிசீனிய அடிமை. பத்ரில் கொல்லப்பட்ட தன் சிறிய தந்தைக்குப் பழியாக ஹம்ஸா (ரலி) அவர்களைக் கொன்றால் உனக்கு விடுதலை என்று எசமானர் ஜுபைர் கூறினார். உயிர்க்கு உயிர், கூலி விடுதலை. ஹிஜ்ரி 3இல் உஹதுக் களத்தில், வேறு எவரோடும் போரிடாமல், பாறை மறைவில் காத்திருந்து ஈட்டி எறிந்து தம் வேலையை முடித்தார். நேருக்கு நேர் நின்று வீழ்த்த முடியாத வீரர் வீழ்ந்தார். மக்கா வெற்றிக்குப் பிறகு, அந்த வஹ்ஷி இஸ்லாத்தை ஏற்று நாயகம் (ஸல்) அவர்கள் முன் வந்து நிற்கிறார். பழி வாங்க ஆள் பலம் இருந்தது, நாளும் வாய்த்திருந்தது. நாயகம் (ஸல்) அவர்கள் மன்னித்தார்கள். ஆனால் ஹம்ஸாவைக் கொன்ற விதத்தைக் கேட்டறிந்தபின், உம் முகத்தை என் பார்வையில் படாமல் வைத்துக்கொள்ள இயலுமா என்ற கருத்தில் கேட்டார்கள்.

இந்த வரலாற்றை எத்தனையோ மவ்லூது மஜ்லிஸ்களில் கேட்டிருக்கிறேன். மன்னிப்பின் மாண்புக்கு உதாரணமாகவே எல்லாரும் சொல்வார்கள். இப்படத்தைப் பார்த்த பிறகுதான் அந்த இரண்டாவது பாதி என் நெஞ்சில் தைத்தது. மன்னித்துவிட்டார்கள், துக்கம் போகவில்லை. துக்கம் போகவில்லை என்பதற்காக மன்னிப்பைத் திரும்பப் பெறவும் இல்லை. துக்கத்தை அதன் இடத்திலும், நீதியை அதன் இடத்திலும், இரண்டும் ஒன்றையொன்று விழுங்காமல் வைத்த இந்த நிலையை ஜான் விக்கின் உலகத்தில் எவரும் கற்பனை செய்யவே இல்லை. அங்கே துக்கத்திற்கு ஒரே ஒரு மொழிதான் இருக்கிறது. ஹிஜ்ரி 10இல் அரஃபாத்தில் ஆற்றிய பேருரையில் அறியாமைக் காலத்து இரத்தப் பழிகளையெல்லாம் நாயகம் (ஸல்) அவர்கள் தள்ளுபடி செய்தபோது, முதலாவதாகத் தள்ளுபடி செய்தது தம் குடும்பத்துக்கு வரவேண்டிய பழியை. தம் உறவினர் ரபீஆவின் மகன், பால்குடிக்கக் கொடுக்கப்பட்டிருந்த இடத்தில் ஹுதைல் குலத்தவரால் கொல்லப்பட்ட பிள்ளை, அதன் இரத்தத்தை.

இதையெல்லாம் பேரனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். பிறகு, "நன்னா, இது சினிமாதானே? நீங்க ரசிச்சுத்தானே பார்த்தீங்க?" என்றான்.

மறுக்க முடியவில்லை. அவன் கேட்டது நியாயம். மலிவான படமாக இருந்திருந்தால் எனக்கு இந்தத் தொல்லையே இல்லை. ஐந்து நிமிடத்தில் எழுந்து போயிருப்பேன். எட்டுக் கோடி டாலருக்கு மேல் ஈட்டி, 2017, 2019, 2023 ஆண்டுகளில் மேலும் மூன்று பாகங்களைப் பெற்ற இப்படத்தின் வெற்றி மக்களின் இரத்த வெறியால் மட்டும் வந்ததன்று. வேலை தெரிந்தவர்கள் மனம் வைத்துச் செய்த வேலைக்குக் கிடைத்த மதிப்பும் அதில் உண்டு. பிற்பாகங்களைப் பற்றி விரிவாக எழுத எனக்கு விருப்பமில்லை. நாய்க்குட்டியையும் மனைவியையும் அவை மெல்ல மெல்ல மறந்துவிடுகின்றன. ஆடை அணிகலனும் மாளிகைகளும் பெருகுகின்றன. மூன்றாம் பாகத்தில் கதை மொராக்கோவின் காசாபிளாங்காவுக்குப் போகிறது. கொலைஞர் உலகத்துக்கெல்லாம் மேலான தலைவர் பாலைவனத்தில் கூடாரத்துக்குள் அமர்ந்திருக்கிறார்! அரபு நாடு என்றதும் மணலும் கூடாரமும் மட்டுமே நினைவுக்கு வரும் அந்த நோய் இவ்வளவு திறமைசாலிகளையும் விடவில்லை. போகட்டும்.

நேர்மையாகச் சொன்னால் என் மனம் இரண்டாகத்தான் இருக்கிறது. அந்தக் காலைப் பொழுதையும், கண்ணாடிபோல் தெளிவான அந்த அசைவுகளையும் நான் மறக்கப் போவதில்லை. சபாஷ் சொன்னதையும் மறக்கப் போவதில்லை.

படத்தில் ஒரு சிறு காட்சி உண்டு. கேளிக்கை மண்டபத்துக்குள் நுழையும் ஜான், வாசலில் காவல் நிற்கும் பருத்த ஆளைத் துப்பாக்கி முனையில் நிறுத்துகிறான். அவன் பழைய பழக்கக்காரன், பிரான்சிஸ். எடை குறைந்திருக்கிறாயே என்று ஜான் விசாரிக்கிறான். ஆமாம், அறுபது பவுண்டுக்கு மேல் என்கிறான் அவன். இன்றிரவு விடுப்பு எடுத்துக்கொள்ளேன் என்று ஜான் சொல்கிறான். அவன் நன்றி கூறிவிட்டு நடந்து போய்விடுகிறான். படம் எடுத்தவர்கள் இதைச் சிரிப்புக்காக வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த இரவு முழுதும் ஜானின் துப்பாக்கிக்கு எதிரே நின்று, ஒரு சொல்லால் உயிர் தப்பி வீட்டுக்குப் போனவன் அவன் ஒருவன்தான். அந்த இடத்தை மட்டும் மறுபடி போடச் சொன்னேன். பேரன் ஏன் என்று கேட்கவில்லை. பின்னோக்கி ஓட்டிப் போட்டான். இருவரும் இன்னொரு முறை பார்த்தோம்.